ஹாரிங்டன் வேறு, ஹார்ன்ப்ளோவர் வேறு

டேவிட் வெபரின் ஹானர் ஹாரிங்டன் நாவல்களைப் பற்றி ஒரு தீர்ப்பு நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது: அவை விண்வெளிக்கு ஏற்றப்பட்ட ஹார்ன்ப்ளோவர் கதைகள். நெப்போலியன் காலத்து ஆங்கிலக் கடற்படை அதிகாரியான ஹொரேஷியோ ஹார்ன்ப்ளோவரை வைத்து சி. எஸ். ஃபாரெஸ்டர் எழுதியவற்றில் கடல் இருந்த இடத்தில் வெற்றிடமும், பாய்மரம் இருந்த இடத்தில் ஈர்ப்பு எந்திரமும், ஆண் இருந்த இடத்தில் பெண்ணும் வந்தால் இந்த வரிசை கிடைத்துவிடுமாம். பாராட்டுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள், பழிக்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். பின்னட்டை விளம்பரத்துக்கும் இது வசதியான வாசகம். 1993இல் 'ஆன் பசிலிஸ்க் ஸ்டேஷன்' நாவலோடு தொடங்கி 2018இல் வெளியான 'அன்கம்ப்ரமைசிங் ஹானர்' வரை 14 முதன்மை நாவல்களாக விரிந்த ஒரு கதையை, முதல் நாவலின் முதல் சில அத்தியாயங்களை வைத்து எடை போட்ட தீர்ப்பு இது. அதற்கு மேல் படித்தவர்களும் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் வியப்பு.

இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் நாவலை வெபர் ஃபாரெஸ்டருக்கே காணிக்கை ஆக்கியிருக்கிறார். நாயகர்கள் இருவருக்கும் பெயரின் முதலெழுத்துகள் ஒன்றே. ஹானர் பணியாற்றும் மான்டிகோர் ஒரு முடியரசு. அதற்கு மேலவை, கீழவை, பிரபுக்கள், முதல் கடற்படைப் பிரபு எல்லாம் உண்டு. எதிரியான ஹேவன் குடியரசின் தலைநகர் நூவோ பாரிஸ். அங்கே புரட்சி செய்து பொதுப் பாதுகாப்புக் குழு அமைக்கிறவரின் பெயர் ராப் எஸ். பியர், ரோபெஸ்பியரை இதைவிட வெளிப்படையாக ஒளித்துவைக்க முடியாது. மீவெளியில் பயணம் செய்யும் கப்பல்கள் வார்ஷாவ்ஸ்கி பாய்கள் என்ற ஈர்ப்புப் பாய்களை விரிக்கின்றன. போர்க்கப்பல்கள் வரிசை கட்டிப் பக்கவாட்டுப் பீரங்கிகளால் சுட்டுக்கொள்கின்றன. வெபர் தம் மூலத்தை மறைக்கவில்லை. வாசகரின் கையைப் பிடித்துக் காட்டுகிறார். ஒரு கதை எங்கிருந்து புறப்பட்டது என்பது இவற்றால் தெளிவாகும். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இவை சான்றாகா.

முதலில் அந்தப் பக்கவாட்டுச் சண்டை. விண்வெளியில் கப்பல்கள் பக்கத்தைக் காட்டிச் சுடுவது பாய்மரக் காலத்து அழகியலுக்காகச் செய்த ஏமாற்று வேலை என்பது இத்தீர்ப்பின் வழக்கமான துணைவாதம். வெபரின் கப்பல்களை நகர்த்துவது இம்பெல்லர் எந்திரம். அது கப்பலின் மேலும் கீழும் ஆப்பு வடிவில் இரண்டு ஈர்ப்புத் தகடுகளை உருவாக்குகிறது. அந்தத் தகடுகளை எந்த ஆயுதமும் துளைக்காது. பக்கங்களுக்கு வலுக்குறைந்த ஒரு சுவர் உண்டு. மூக்குக்கும் வாலுக்கும் எதுவும் இல்லை. ஆகவே மூக்கைக் காட்டுகிறவன் சாவான், பக்கத்தைக் காட்டுகிறவன் பிழைக்கலாம். விரும்பிய போர்முறை கிடைப்பதற்காகவே செய்த கற்பனை இயற்பியல்தான் இது, சந்தேகமில்லை. ஆனால் ஒருமுறை விதியை வகுத்தபின் வெபர் அதற்குக் கட்டுப்படுகிறார். எதிரியின் மூக்குக்குக் குறுக்கே தன் வரிசையைக் கொண்டுபோவது ஏன் வெற்றி, தப்பி ஓடும் கப்பல் ஏன் தன் வாலை மறைக்கத் தவிக்கிறது, ஏவுகணை ஏன் கப்பலில் மோதாமல் தொலைவிலேயே வெடிக்கிறது என்பவையெல்லாம் அந்த விதியிலிருந்து பிறக்கின்றன. அந்த ஏவுகணையின் முனையில் இருப்பது அணுகுண்டு வெடிப்பால் இயங்கும் எக்ஸ்ரே லேசர். 1980களில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் எட்வர்ட் டெல்லரின் ஆதரவோடு நடந்த எக்ஸ்காலிபர் திட்டம் உருவாக்க முயன்று முடியாமல் போன ஆயுதம் அது. நெப்போலியன் காலத்தின் நினைவாக எழுதுகிறவர் ரேகனின் நட்சத்திரப் போர்த் திட்டத்திலிருந்து வெடிகுண்டு கடன் வாங்குவதில்லை.

கணக்கில் வெபர் சறுக்கியதும் உண்டு. கப்பல்களுக்கு அவர் தந்த நீளத்தையும் எடையையும் வகுத்துப் பார்த்த வாசகர்கள், பெரிய போர்க்கப்பல்களின் அடர்த்தி புகையின் அடர்த்தி அளவுக்குத்தான் வருகிறது என்று காட்டினார்கள். பிறகு அளவுகள் திருத்தப்பட்டன. வாசகர் கணக்குப் போடுவதும் ஆசிரியர் திருத்துவதும் சாத்தியமாகிற வகையில் கட்டிய உலகம் அது என்பது இங்கே கவனத்துக்குரியது. இதன் வேரும் கடல் நாவலில் மட்டும் இல்லை. ஹாரிங்டனுக்கு முன்பே வெபர் ஸ்டார்ஃபயர் என்ற விண்வெளிப் போர்ப் பலகை விளையாட்டுக்காக எழுதியவர். அதன் உலகில் ஸ்டீவ் வைட்டுடன் சேர்ந்து 1990இல் 'இன்சரெக்‌ஷன்' நாவலை வெளியிட்டார். டன் கணக்கு, ஏவுகணை எண்ணிக்கை, தாங்குதிறன் என்று எல்லாவற்றையும் அட்டவணையில் வைத்து யோசிக்கும் பழக்கம் அங்கே படிந்தது. ஃபாரெஸ்டரிடம் அந்தப் பழக்கம் மருந்துக்கும் கிடையாது.

அடுத்ததும் பெரியதுமான வேறுபாடு, ஆயுதங்கள் மாறும் வேகம். ஹார்ன்ப்ளோவர் 1794இல் மிட்ஷிப்மனாகக் கப்பலேறுகிறார். 1820களில் மேற்கிந்தியத் தீவுகளில் ரியர் அட்மிரலாகக் கொடி பறக்கவிடுகிறார். இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். முதல் நாளில் கற்ற கயிறும் காற்றும் பீரங்கியும் கடைசிவரை அவருக்குப் போதும். அனுபவம் கூடக்கூட மதிப்பும் கூடும் உலகம் அது. 'ஹார்ன்ப்ளோவர் அண்ட் தி அட்ரோபோஸ்' நாவலில் துருக்கிக் கரையோரம் மூழ்கிய கப்பலிலிருந்து புதையலை எடுக்க இலங்கையிலிருந்து முத்துக்குளிப்பவர்களைக் கொண்டுவருகிறார்கள். அந்த உலகின் உச்சத் தொழில்நுட்பம் ஒரு மனிதன் மூச்சடக்கும் நேரம்தான். மன்னார் வளைகுடாவில் நூற்றாண்டுகளாக நடந்த தொழில் அங்கே அப்படியே பயன்படுகிறது என்பதே அந்த உலகம் எவ்வளவு நிலைத்தது என்பதைக் காட்டும்.

ஹாரிங்டனின் உலகில் கற்றது செல்லாக் காசாகிக்கொண்டே இருக்கிறது. முதல் நாவலிலேயே அது தொடங்குகிறது. ஹானருக்குக் கிடைக்கும் ஃபியர்லெஸ் என்ற லைட் குரூசரில் இருந்த வழக்கமான ஆயுதங்களில் பெரும்பகுதியைப் பிடுங்கிவிட்டு, கிராவ் லான்ஸ் என்ற புதிய கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். எதிரியின் பக்கச் சுவரை அது நொறுக்கிவிடும். ஆனால் மிக அருகில் போனால்தான். முதல் ஒத்திகையில் ஒளிந்து சென்று எதிரணி அட்மிரலின் கப்பலையே வீழ்த்துகிறார் ஹானர். தந்திரம் தெரிந்துவிட்டதால் அடுத்தடுத்த ஒத்திகைகளில் அவர் கப்பல் அருகே போவதற்குள் அழிக்கப்படுகிறது. அந்த அவமானத்தின் விளைவாகத்தான் யாரும் விரும்பாத பசிலிஸ்க் காவல் அவர் தலையில் விழுகிறது. கருவியைத் திணித்தவர் அட்மிரல் சோன்யா ஹெம்ஃபில். அவருடைய கோஷ்டியை நாவல் ஜூன் எகோல் என்று அழைக்கிறது. அந்தப் பெயர் 1880களின் பிரெஞ்சுக் கடற்படைக்கு உரியது: அட்மிரல் தியோஃபில் ஓபும் அவரைப் பின்பற்றியவர்களும், விலையுயர்ந்த ஆங்கிலப் போர்க்கப்பல்களை மலிவான சிறு டார்பிடோ படகுகளால் வெல்லலாம் என்று வாதாடினார்கள். ஃபாரெஸ்டரின் நிழலில் நிற்பதாகச் சொல்லப்படும் நாவலின் அடிப்படை மோதல், டிரஃபால்கருக்கு எண்பது ஆண்டுகள் பிந்திய விவாதம்.

முதல் நாவலை மட்டும் படித்தவர்கள் ஹெம்ஃபிலை ஒரு முட்டாள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஹானரும் அப்படித்தான் நினைக்கிறார். 1996இல் வந்த 'ஹானர் அமாங் எனிமீஸ்' நாவலில் வணிகக் கப்பல் வேடமிட்ட ஆயுதக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கும்போது, ஹெம்ஃபிலின் ஏவுகணைப் பெட்டிகளும் புதிய வகைச் சிறு தாக்குதல் கலங்களும் அவர் கைக்கு வருகின்றன. அவை வேலை செய்கின்றன. அடுத்த நாவல்களில் அந்தச் சிறு கலங்களைச் சுமந்து செல்லும் தாய்க்கப்பல்கள் வருகின்றன, இரண்டாம் உலகப்போரின் விமானந்தாங்கிகள் வந்ததுபோல. ஏவுகணைகளின் வீச்சு சில மில்லியன் கிலோமீட்டரிலிருந்து பல பத்து மில்லியனுக்கு நீள்கிறது. சிறு கலங்களின் திறந்த மூக்கை அடைக்கவும் ஒரு சுவர் கண்டுபிடிக்கப்படுகிறது. முதல் நாவல்களில் போரின் இலக்கணமாக இருந்த மூக்குப் பலவீனமே அவற்றுக்கு இல்லாமல் போகிறது. கடைசியில் பழைய வகைப் போர்க்கப்பல்கள் நூற்றுக்கணக்கில் நின்றாலும் ஒரு புதிய அணியின் முன் பயனற்றுப் போகின்றன. 1906இல் டிரெட்நாட் கடலில் இறங்கியபோது உலகின் எல்லாப் போர்க்கப்பல்களும், அதைக் கட்டிய ஆங்கிலேயரின் பெருங்கப்பற்படை உட்பட, ஒரே நாளில் பழசாகின. வெபர் எழுதுவது அந்த அதிர்ச்சியை. பக்கவாட்டுப் பீரங்கி வரிசை அவர் கதையின் தொடக்க நிலைதான். கதை அதன் அழிவைப் பற்றியது.

இந்த மாற்றத்துக்கு அரசியல் விலையும் உண்டு. 'வார் ஆஃப் ஹானர்' (2002) நாவலில் போர்நிறுத்தக் காலத்து மான்டிகோர் அரசு, தன் ஆயுத மேன்மை நிரந்தரம் என்று நம்பிக் கப்பல் கட்டும் செலவை வெட்டுகிறது. மிச்சமான பணம் வாக்குகளை வாங்கப் போகிறது. ஹேவனோ ஒரு ரகசியக் கப்பல்தளத்தில் அதே வகைப் புதிய கப்பல்களைக் கட்டி முடிக்கிறது. பட்ஜெட் ஒதுக்கீடும் உளவுத்துறையின் அசட்டையும் பல நூறு பக்கங்களுக்கு நீள்கின்றன. சாகசம் எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கே கொட்டாவி விடுவது இயல்பே. ஆனால் இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட ஆயுதக் குறைப்புக் காலத்தைப் படித்தவர்களுக்கு இந்த நிலத்தின் அடையாளம் தெரியும். அது ஹார்ன்ப்ளோவரின் நிலம் இல்லை.

நாயகர்களை ஒப்பிட்டால் தூரம் இன்னும் கூடுகிறது. ஹார்ன்ப்ளோவர் கதைகளின் உண்மையான களம் ஒரு மனிதனின் மண்டைக்குள் இருக்கிறது. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலிலேயே அவருக்குக் குமட்டல் வருகிறது. இசை அவர் காதில் வெறும் இரைச்சல். தன்னைக் கோழை என்று நினைக்கிறார். பிறர் வீரன் என்று புகழ்ந்தால் அவர்களை மனசுக்குள் இகழ்கிறார். பேச்சு வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். 1937இல் வந்த முதல் நாவலான 'தி ஹேப்பி ரிட்டர்ன்' கதையில் அவர் பெருங்கப்பல் ஒன்றைப் பிடித்துக் கிளர்ச்சித் தலைவன் ஒருவனிடம் ஒப்படைக்கிறார். ஸ்பெயின் தன் நாட்டுக்கு நட்பு நாடாகிவிட்டது என்ற செய்தி அதன் பிறகே எட்டுகிறது. அதே கப்பலோடு மறுபடி சண்டையிட வேண்டும். அந்தச் சண்டையைவிட, அதைச் செய்யும் மனிதன் தன்மேல் கொள்ளும் கசப்பே ஃபாரெஸ்டருக்கு முக்கியம்.

ஹானருக்கு அந்தக் கசப்பு கிடையாது. தன் அழகைப் பற்றியும் கணிதத் திறமையைப் பற்றியும் சில தாழ்வெண்ணங்கள் இருக்கின்றன. அவை சில நாவல்களில் கரைந்துவிடுகின்றன. கடமையைப் பற்றி அவருக்கு ஐயமே எழுவதில்லை. மாறாக, அவரைச் சுற்றி இருக்கும் நிறுவனங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. பசிலிஸ்கில் அவர் செய்வதில் பெரும்பகுதி சுங்கச் சோதனை: வணிகக் கப்பல்களைத் திறந்து பார்ப்பது, கடத்தல் சரக்கைப் பிடிப்பது, அதனால் நட்டப்படும் பெருமுதலாளிகளின் பகையைச் சம்பாதிப்பது. 'ஃபீல்டு ஆஃப் டிஸ்ஹானர்' (1994) நாவலில் கப்பற்படைச் சண்டை அநேகமாக இல்லை. இராணுவ நீதிமன்றம், நாடாளுமன்றப் பேரம், இரண்டு துப்பாக்கி மோதல்கள். அதற்கு அடுத்த நாவலில் அவர் கிரேசன் என்ற கோளின் ஒரு பகுதியை ஆளும் பிரபு. அந்தக் கோளின் மண்ணில் கன உலோகங்கள் நஞ்சாகக் கலந்திருக்கின்றன. பெண்களுக்கு உரிமை மறுத்துவந்த அதன் சமயச் சமூகத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண் ஆட்சி செய்தால் சட்டமும் கோயிலும் கட்டுமானத் தொழிலும் என்ன ஆகும் என்பதே கதை. ஹார்ன்ப்ளோவருக்கும் பிரபுப் பட்டம் வருகிறது. ஆனால் அவர் ஆள்வதற்கு என்று மக்கள் இல்லை.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று சிறைபிடிப்புக் கதை. 1938இல் வந்த 'ஃப்ளையிங் கலர்ஸ்' நாவலில் ஹார்ன்ப்ளோவர் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியாகிறார். பாரிஸில் மரண தண்டனை காத்திருக்கிறது, வழியில் தப்புகிறார். 1997, 1998 ஆண்டுகளில் வந்த இரண்டு நாவல்களில் ஹானரும் கைதியாகிறார், மரண தண்டனையும் உண்டு, தப்புகிறார். ஒற்றுமை அவ்வளவுதான். ஹார்ன்ப்ளோவர் இரண்டு தோழர்களோடு லுவார் ஆற்றில் படகில் இறங்குகிறார். அழகான, அமைதியான, ஏறக்குறைய தனிமையின் கதை. ஹானர் தப்பி இறங்குவது ஒரு சிறைக்கோளின் தரையில். அங்கே விளையும் எதையும் மனித உடல் செரிக்காது. வேலியே தேவைப்படாத சிறை அது: தீவில் இருக்கும் காவலர்கள் உணவை அனுப்பவில்லையென்றால் முகாம் முழுவதும் பட்டினியில் சாகும். ஆகவே அங்கிருந்து ஒருவர் மட்டும் தப்புவதில் அர்த்தம் இல்லை. தீவைக் கைப்பற்ற வேண்டும், பிறகு லட்சக்கணக்கான கைதிகளை ஏற்றிச் செல்லக் கப்பல்கள் வேண்டும், அந்தக் கப்பல்களை எதிரியிடமிருந்தே பறிக்க வேண்டும். பத்து நாட்டுச் சீருடைகளில் வந்த கைதிகளுக்குள் யார் யாருக்கு மேலதிகாரி என்று தீர்க்க வேண்டும், கொடுமை செய்த காவலர்களைப் பழிவாங்கலாக மாறிவிடாமல் விசாரிக்க வேண்டும். இந்த வரிசையின் மிகச் சிறந்த பகுதி இதுவே. அதில் ஃபாரெஸ்டரின் சாயல் நிகழ்ச்சியின் பெயரில் மட்டும் எஞ்சுகிறது. நடப்பதெல்லாம் தளவாடமும் நிர்வாகமும்.

வெபரின் குறைகளும் இதே பக்கம் சாட்சி சொல்கின்றன. அவருடைய வில்லன்கள், குறிப்பாக ஹானரைத் துரத்தும் பாவெல் யங், அட்டையில் வெட்டியவர்கள். நாயகி அரிதாகவே தவறுகிறார். ஏவுகணை புறப்பட்டு இலக்கை எட்டுவதற்குள் அந்த ஏவுகணையின் வரலாற்றை ஆசிரியர் சொல்லி முடிக்கிறார். பிற்கால நாவல்களில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் அட்மிரல்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இவற்றை மன்னிக்கத் தேவையில்லை. ஆனால் இவை நகலெடுப்பவனின் குறைகள் அல்ல. சிக்கனமான வாக்கியமும் ஒற்றைப் பார்வைக் கோணமும் ஃபாரெஸ்டரிடம் படித்தால் முதலில் தொற்றிக்கொள்ளும் பண்புகள். வெபரிடம் அவை இரண்டும் இல்லை.

கடன் வாங்கியதே குற்றம் என்றால் ஃபாரெஸ்டரும் தப்பமாட்டார். 'நேவல் க்ரானிக்கிள்' என்ற அக்காலக் கடற்படை இதழின் பழைய தொகுதிகளை வாங்கிப் படித்ததில் தம் கதைகள் முளைத்ததை அவரே பின்னர் எழுதினார். தாமஸ் காக்ரேன் என்ற மெய்யான கேப்டனின் சாகசங்கள் ஹார்ன்ப்ளோவருக்கும் பேட்ரிக் ஓப்ரையனின் ஜாக் ஆப்ரிக்கும் பொதுச் சொத்து. இராணுவ விண்வெளிக் கதைகளுக்குள்ளும் மூலங்கள் பல. 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க்கை உருவாக்கும்போது ஜீன் ராடன்பெரி ஹார்ன்ப்ளோவரை மனதில் வைத்திருந்தார். ஆஸ்திரேலிய வணிகக் கப்பல் அதிகாரியான ஏ. பெர்ட்ரம் சாண்ட்லரின் ஜான் கிரைம்ஸ் கதைகளுக்கு அந்த ஒப்பீடு ஓரளவு பொருந்தும். டேவிட் டிரேக் 1998இல் 'வித் தி லைட்னிங்ஸ்' நாவலோடு தொடங்கிய வரிசைக்கு மூலம் ஓப்ரையனின் இரட்டை நாயகர்கள். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஜாக் கேம்ப்பெலின் 'லாஸ்ட் ஃப்ளீட்' நாவல்கள் எதிரி நாட்டுக்குள் சிக்கிய படை வீடு திரும்பும் செனஃபனின் கிரேக்கப் பயணத்தை அடியொற்றியவை. இவர்கள் எல்லோரையும் ஒரே ஆங்கில கேப்டனின் பிள்ளைகளாகப் பதிவு செய்துவிடுவது, கப்பல் என்று வந்தாலே அது ஹார்ன்ப்ளோவர் என்று முடிவுகட்டும் சோம்பல்.

எஞ்சியிருப்பது வரலாற்று ஒப்புமை. ஹேவன் பிரான்ஸ், மான்டிகோர் இங்கிலாந்து என்றால் ஒரு நெப்போலியன் வந்தாக வேண்டும். அதற்கு ஆள் தயாராகவும் இருக்கிறார்: அட்மிரல் எஸ்தர் மெக்வீன், திறமையும் பேராசையும் கொண்டவர். அவர் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் இறங்குகிறார். காவல்துறைத் தலைவர் ஆஸ்கர் செயின்ட்-ஜஸ்ட் தலைநகரிலேயே அணுகுண்டை வெடிக்கச் செய்து அவரை முடித்துவிடுகிறார். 2000இல் வந்த 'ஆஷஸ் ஆஃப் விக்டரி' நாவலின் இறுதியில் அட்மிரல் தாமஸ் தீஸ்மன் செயின்ட்-ஜஸ்டைச் சுட்டுக் கொல்கிறார். பிறகு அவர் முடிசூடிக்கொள்ளவில்லை. பழைய அரசியல் சட்டத்தை உயிர்ப்பித்து அதிகாரத்தை எலோயீஸ் பிரிட்சர்ட் என்ற குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கிறார். ஒப்புமை அந்த இடத்தில் அறுந்துபோகிறது. 2012இல் வந்த 'எ ரைசிங் தண்டர்' நாவலில் மான்டிகோரும் ஹேவனும் சோலாரியன் லீக் என்ற பேரரசுக்கு எதிராகக் கூட்டணி சேர்கின்றன. வாட்டர்லூவுக்கு இங்கே இடமே இல்லை.

ஆசிரியரின் திட்டமும் ஒருகாலத்தில் பழைய தடத்திலேயே இருந்தது. நெல்சன் டிரஃபால்கரில் வென்று இறந்ததுபோல ஹானரும் மான்டிகோர் போரில் வென்று இறப்பார் என்பது வெபர் முதலில் வகுத்த முடிவு. இதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இடையில் அவருடைய நண்பர் எரிக் ஃப்ளின்ட் அதே உலகில் எழுதிய கதைகள், மேசா என்ற கோளின் மரபணு அடிமை வணிகத்தையும் அதை எதிர்க்கும் ஹேவன் உளவாளி ஒருவனையும் முன்னுக்குக் கொண்டுவந்தன. வெபர் பல பத்தாண்டுகள் கழித்து வைத்திருந்த கதை முன்னே வந்துவிட்டது. 2005இல் 'அட் ஆல் காஸ்ட்ஸ்' நாவலில் அந்தப் போர் நடந்தபோது ஹானர் உயிர் பிழைத்தார். வரிசையின் முதன்மை நாவல்களில் மேலும் மூன்று அதன் பிறகு வெளிவந்தவை.